இருமக் கூடாத மாப்ளைக்குக் கட்டுன ஏணை

இத எழுதவே வேணாம்னுதான் ரெண்டு வாரமா சும்மா கெடந்தேன். ஒம்பதாவதுல ரெண்டு வருசம் உக்காந்து, கடைசில வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வெச்ச ஆளு நான். நான் எழுதுனதுலயே பெருசு லீவு லெட்டருதான். அதுல அப்பா கையெழுத்தும் நானே போட்டுருவேன், அவரு போடறத விட நல்லா இருக்கும். ஆனா இத்தினி வருசம் ஆயும் ஊருக்குள்ள ஆளாளுக்கு இத ஒரு மாதிரி சொல்லிகினு திரியறாங்க. டீக்கடையில போன வாரம் ஒருத்தன் எனக்கே இந்தக் கதைய சொல்றான், அதுல நான் செத்துப் போறேன். சரி, நடந்தத நடந்தபடி போட்டு வெப்போம்னு உக்காந்துட்டேன்.

நல்லம்பள்ளி பக்கம்தான் எங்க ஊரு. எங்க வூட்ல ராகியும் கடலையும் போடுவாங்க. என் கூட்டாளி வூட்ல மெத்தை தைப்பாங்க, ரஜாய் தைப்பாங்க. ரஜாய்ன்னா உள்ள பஞ்சு வெச்ச தடிப் போர்வை. அவனோட அப்பா, அவனோட தாத்தா எல்லாருக்கும் பஞ்சுதான் பொழப்பு. இவனுக்கு மட்டும் பஞ்சுன்னா ஆவாது. தூசி மூக்குல ஏறுனா இருமல் பிச்சுக்கும். ஒரு தலவாணி ரொப்புறதுக்குள்ள நாப்பது இருமல் இருமுவான். மீன் கடையில தண்ணியக் கண்டா பயப்படுற மீனுன்னு நான் அவனக் கிண்டல் பண்ணுவேன். அவன் பதில் சொல்ல வாயத் தெறப்பான், இருமலு வரும்.

நோய் கீய் ஒண்ணும் கெடையாது. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்க, நெஞ்சு சுத்தம், தூசி ஒத்துக்கல, அவ்ளோதான். ஆனா அத யார்கிட்ட சொல்றது? பொண்ணு வூட்டுக்காரங்க கேக்கறதுக்கு முன்னாடியே எக்ஸ்ரேவ எடுத்துச் சூரியனுக்கு நேராப் புடிச்சுக் காட்டுனா, ஒண்ணும் இல்லாதவனுக்குக் கூட என்னமோ இருக்குன்னுதான் நெனப்பாங்க. அப்டித்தான் மொதல் சம்பந்தம் போச்சு.

ரெண்டாவது சம்பந்தம் பொம்மிடியில. பொண்ணு புடிச்சிருக்கு, பையன் புடிச்சிருக்கு, எல்லாம் சரி. ஆனா எவனோ போயி, பையன் நெஞ்சு சரியில்ல, ராப்பகலா இருமுறான்னு ஓதிட்டான். பொண்ணோட தாய்மாமன் மட்டும் விட்டுக் குடுக்கல. வர வெள்ளிக்கெழமை தொழுகை முடிஞ்சு நானே நேர்ல வரேன், பையன் பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்து பாப்பேன், ஒரு இருமல் கேட்டாலும் எந்திரிச்சுப் போயிருவேன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாரு. என் கூட்டாளிக்கு அந்தப் பொண்ணு மேல உசுரு. சாப்பாடு எறங்கல. எனக்கு எறங்குச்சு, அவனோடதையும் சேத்து.

அது மார்கழி. வருசா வருசம் அந்த மாசம் அவங்க கடையிலருந்து வத்தல்மலை ஏறி, ஊர் ஊரா நடந்து, பழைய மெத்தை, ரஜாயெல்லாம் பிரிச்சுப் பஞ்ச அடிச்சு மறுபடி தச்சுக் குடுத்துட்டு வருவாங்க. ரோடெல்லாம் கெடையாது, நடைதான். அவங்கப்பாவுக்கு அந்த வருசம் முட்டி வீங்கிருச்சு. அவங்கம்மா ஒரு யோசனை பண்ணாங்க. கடையில இருந்தா தூசி, மலையில நல்ல காத்து, நெஞ்சு தெளிஞ்சுரும், புதன் வெசாழன் வரைக்கும் அங்க இருந்துட்டு வரட்டும். பஞ்ச அடிக்கறதுக்கு மட்டும் வேற ஆளு போவட்டும். அந்த வேற ஆளு நானு. வூட்ல கடலக்கொல்லையில வேலை இருந்துச்சு, அதனால நான் ஒடனே ஒத்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழமை விடியக்காத்தால கெளம்புனோம். பஞ்சடிக்கற வில்லு, அதத் தட்ட மரக்கட்டை, ஊசி நூலு, வாடிக்கைக்காரங்களுக்குக் காட்டறதுக்குச் சாம்பிளா ஒரு புது ரஜாயி. அதோட நான் ஒண்ணு எடுத்துக்கிட்டேன், எங்கக்காவோட நைலக்ஸ் சேலை. அப்பல்லாம் எல்லாப் பொண்ணுங்களும் நைலக்ஸ்தான். மடிச்சா ஒரு கைப்புடிக்குள்ள அடங்கிரும், எடையே கெடையாது, கிழியவும் கிழியாது. எங்கக்காகிட்டக் கேட்டு எடுத்தனான்னு கேக்காதீங்க.

எதுக்குன்னா, தொப்பூர் கணவாயில லாரி நிக்கும்போது பாத்திருக்கேன், கிளீனருங்க லாரிக்கு அடியில சாக்க ஏணை, அதான் தூளி மாதிரி கட்டி அதுல படுத்துத் தூங்குவானுங்க. எறும்பு வராது, தேளு வராது, மேல டிரைவரு திட்டறது கூடக் காதுல விழாது. அன்னிலருந்து எனக்கும் ஒரு ஆசை. கொழந்தைங்களுக்கு மட்டும் ஏணை கட்டறாங்களே, இருபத்தி மூணு வயசு ஆம்பளைக்கு யாரு கட்டறாங்க?

மொத நாளு மத்தியானமே மலையேறி ஒரு ஊர்ல வேலைய ஆரம்பிச்சுட்டேன். வில்ல மேல தொங்க வுட்டு, நரம்பப் பஞ்சுக்குள்ள வெச்சுக் கட்டையால தட்டணும். டொய்ங் டொய்ங்னு பஞ்சு பறக்கும். பாக்கத்தான் சுளுவு. ஒரு மணி நேரத்துல தலையிலருந்து கால் வரைக்கும் பஞ்சு ஒட்டி, பஞ்சாயத்து ஆபீஸ் டிவில படம் வராதப்ப வெறும் புள்ளியா ஓடுமே, அந்த மாதிரி ஆயிட்டேன். என் கூட்டாளி நூறடி தள்ளி, ஈரத்துண்ட மூஞ்சில கட்டிகினு, ஒரு பாறை மேல நின்னுகினு எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தான். கைய இன்னும் தூக்கு, மெதுவாத் தட்டு, அங்க கட்டியா இருக்குன்னு. கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே மாமனாரு மாதிரி ஆயிட்டான்.

பொழுது சாஞ்சதும்தான் விசயமே ஆரம்பிச்சுது. ஊர்க்காரங்க தங்கமானவங்க, மாட்டுக் கொட்டாயில படுத்துக்கங்கன்னு புது வைக்கோல் போட்டுக் குடுத்தாங்க. இவன் படுத்தான், வைக்கோல் தூசி, இருமல். வேணாம்னு ஒரு வூட்டுக்குள்ள கூப்புட்டாங்க. உள்ள அடுப்புப் பொகை, இருமல். வெளிய நெருப்புப் போட்டு உக்காந்தோம். காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் பொகை அவன் மூஞ்சிக்குத்தான் போவுது. இருமல். மலையேறி வந்ததே இருமல நிறுத்த. இப்பக் கீழ இருமுனத விட அதிகமா இருமுறான். வெள்ளிக்கெழமைக்கு அஞ்சு நாளுதான் இருக்கு.

அப்பத்தான் நான் நைலக்ஸ எடுத்தேன். ஊருக்கு வெளிய, பொகை வராத எடமாப் பாத்து ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுனேன். தரையிலருந்து இடுப்பு ஒசரம், காத்தோட்டம், தூசி இல்ல, பொகை இல்ல. என் கூட்டாளிய உள்ள போட்டேன். நெசமாலுமே இருமல் நின்னுச்சு. நான் பெரிய டாக்டரு மாதிரி கையத் தட்டிகினு போயி நெருப்புப் பக்கத்துல சாக்க விரிச்சுப் படுத்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல மரத்துப் பக்கமிருந்து கடகடகடன்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தா பல்லு. நைலக்ஸ் இருக்குதே, அது துணியே இல்ல, கலர் அடிச்ச காத்து. முதுகுக்கு அடியில குளுரு நேரா வந்து ஏறுது. தரையில படுத்தாலாவது தரைதான் குளுரும், இதுல நாலு பக்கமும் குளுருது. டேய் சளி புடிச்சா செத்தேன்டான்னு அழுவறான். சளி புடிச்சா இருமலு, இருமுனா பொம்மிடி போச்சு. நான் என்ன பண்ணுவேன். என் சட்டையக் குடுத்தேன். கொரங்குக் குல்லாவ மாட்டி வுட்டேன். நெருப்புல ரெண்டு கல்லச் சுட்டுச் சாக்குல சுத்திக் காலடியில வெச்சேன். வெச்ச எடத்துல நைலக்ஸ் உருகி ஓட்டையாகி, கல்லு ரெண்டும் கீழ விழுந்துருச்சு. எங்கக்கா மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துச்சு. ஓட்டைய முடிச்சுப் போட்டுக் கட்டுனேன்.

மறுநாளு அடுத்த ஊரு. அன்னிக்கு ராத்திரி சாம்பிள் ரஜாய எடுத்து ஏணைக்குள்ள மெத்தை மாதிரி விரிச்சு, அதுக்கு மேல அவனப் படுக்க வெச்சு, மீதிய வயித்து மேல மடிச்சு வுட்டேன். புதுப் பஞ்சு, மேல அழுத்தமான துணி, தூசி கெளம்பாது. இப்பப் பாருன்னேன். பாத்தான். வயித்துல வேத்துக் கொட்டுது, முதுகு அப்டியே ஐஸா இருக்குங்கறான். இதென்னடா கூத்துன்னு கைய வுட்டுப் பாத்தேன். மெய்தான். மூணு வெரல்கடை ஒசரம் இருந்த ரஜாயி, அவன் முதுகுக்கு அடியில அப்பளம் மாதிரி கெடக்குது. நான் அவனத்தான் திட்டுனேன். உனக்குப் பஞ்சே ஆவாதுடா, சூடு கூடக் குடுக்க மாட்டேங்குதுன்னு.

இதுக்கு அப்பறம் நடந்தத நான் வேணும்னே பண்ணதா ஊர்ல சொல்றாங்க. இல்ல. என் நெருப்பு அணைஞ்சு போச்சு. எனக்குக் குளுருச்சு. அவனுக்குத்தான் அந்த ரஜாயால பிரயோசனமே இல்லியே, நாம எடுத்துக்கலாம்னு மெதுவாப் போயி ஒரு பக்கமா இழுத்தேன். அவன் கனத்துல முழுசா வரல. பாதி வெளிய வந்து, ஏணைக்கு அடியில தொங்கி, ரெண்டு முனையும் ரெண்டு கயித்து முடிச்சுலயும் மாட்டிக்கிச்சு. இழுத்தா மரம் ஆடுது. இவன் முழிச்சுக்கப் போறான்னு வுட்டுட்டு, சாக்குக்குள்ள பூந்து நான் வெறைச்சுக் கெடந்தேன்.

காலையில நான் எந்திரிச்சு, மூஞ்சி கழுவி, கூழு குடிச்சு, பஞ்ச அடிக்க ஆரம்பிச்சும் அவன் எந்திரிக்கல. ஓடிப் போயி மூக்குல கைய வெச்சேன். மூச்சு சூடா வருது. முதுகுக்கு அடியில கைய வுட்டேன். அடை காக்கற கோழிக்கு அடியில வுட்ட மாதிரி கதகதன்னு இருக்குது.

அவன் முழிச்சுப் பாத்து, ரஜாயி எங்க தொங்குதுன்னு பாத்தான். அப்பறம் தலையில அடிச்சுக்கிட்டான். பஞ்சு நசுங்குனா சூடு நிக்காதுடா, உள்ள காத்து இருந்தாத்தான் அது பஞ்சு, அதுக்காகத்தான வருசா வருசம் பிரிச்சு அடிக்கறோம், எங்கப்பா நான் பொறந்ததுலருந்து இதத்தான சொல்றாருன்னான். உள்ள வெச்சுப் படுத்தா நம்ம கனத்துல பஞ்சு செத்துருது. வெளிய, அடியில, ஒடம்புல படாமத் தொங்குனா உப்பிகினு உசுரோட இருக்குது. மூணு தலைமுறையா மெத்தை தைக்கற குடும்பம். இதக் கண்டுபுடிக்க ஒரு ரஜாய்த் திருடன் வேண்டியிருந்துச்சுன்னு நான் சொன்னேன். அவன் கோவிச்சுக்கல. நாளு பூரா ஒரு இருமல் கூட இல்ல.

மூணாவது ஊர்ல நாங்க ஏணையப் பெருமையாவே கட்டுனோம். ரஜாயோட நாலு மூலையும் கயித்தால சுருக்கி, ஏணைக்கு அடியில ரெண்டு வெரல் எடம் வுட்டுத் தொங்க வுட்டோம். எங்களுக்கு வேலை குடுத்த அம்மா ஒருத்தங்க, மெத்தை வாங்க வந்தவங்க, அதையே பாத்துகினு நின்னாங்க. என்னா சாமி இதுன்னாங்க. ஏணைங்கன்னேன். யாருக்குன்னாங்க. நம்ம பாய்க்குத்தான்னேன். அவங்க அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. அவங்க புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நான் நெனச்சேன். அங்கதான் வெனை.

புதன்கெழமை காலையில வெயிலு இன்னும் சரியா வரல. என் கூட்டாளி ஏணையில சொகமாத் தூங்கறான், குல்லாவும் சேலையும் மூடி ஆளே தெரியல. நான் தூசி அவன் பக்கம் போவாத மாதிரி காத்துப் பாத்துக் கொஞ்சம் தள்ளி உக்காந்து பஞ்ச அடிக்கறேன், தலையெல்லாம் வெள்ளை. மூச்சு வாங்க ஒருத்தரு மேட்டேறி வராரு. ஸ்வெட்டரு, மப்ளரு, கையில கொடை. கடுகு வாங்க மலையேறுன யாவாரி. அவரு பொம்மிடிக்காரருன்னோ, அந்தத் தாய்மாமனே அவருதான்னோ எனக்கு எப்டித் தெரியும்? பொண்ணு பாக்கப் போனப்ப என் கூட்டாளிதான் பாத்திருக்கான், நான் அவரப் பாத்ததே இல்ல. வந்த எடத்துல, இங்க பஞ்சுக்காரப் பையன் ஒருத்தன் வந்திருக்கானாமே, ஆளு எப்டின்னு அவரு அந்தம்மாவக் கேட்டிருக்காரு. அந்தம்மா வெள்ளந்தியா, நல்ல பையனுங்க, மரத்துல ஏணை கட்டி வெச்சிருக்காருங்கன்னு சொல்லிட்டாங்க.

அவரு வந்து என்னையும் பாத்தாரு, ஆடற ஏணையையும் பாத்தாரு. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு.

"இந்த ஏணை அந்தப் பஞ்சுக்காரப் பையனோடதா?"

யாரு வந்தாலும் கிண்டல் பண்ற வாயி இது. "ஆமாங்க. மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் தூங்குது"ன்னேன்.

அவரு கொரல எறக்கிட்டாரு. "எத்தினி நாளா?"

"மூணு நாளாத்தாங்க. மொத ராத்திரி ஒரே அழுகை. குளுரு தாங்கல."

"இதோட அம்மா எங்க?"

"நல்லம்பள்ளியில இருக்கறாங்க. அவங்கதான் மலைக்காத்து நல்லதுன்னு என்கூட அனுப்பிச்சாங்க."

அவரு நெத்தியப் புடிச்சுகினு ஒரு கல்லு மேல உக்காந்துட்டாரு. அப்பவும் எனக்கு ஒறைக்கல. ஏறி வந்த களைப்புன்னு நெனச்சேன்.

"கல்யாணம் ஆவலைன்னு சொன்னாங்களே"ன்னாரு.

"இன்னும் ஆவலீங்க. வெள்ளிக்கெழமை பொம்மிடிலருந்து பாக்க வராங்க. அதுக்குள்ள இத நல்லாத் தேத்திக் கூட்டிப் போயிரணும்னுதான் இவ்ளோ பாடு."

அவரு விருட்டுனு எந்திரிச்சாரு. நேரா ஏணைக்குப் போயி சேலைய ரெண்டு பக்கமும் விரிச்சு உள்ள எட்டிப் பாத்தாரு. உள்ள கொரங்குக் குல்லாவுக்குள்ளருந்து ஒரு மீசை அவரப் பாத்துச்சு.

ரெண்டு பேருமே அப்டியே நின்னுட்டாங்க, ஒருத்தரு நின்னபடி, ஒருத்தன் படுத்தபடி. அப்பறம் என் கூட்டாளி ஈனஸ்வரத்துல, "சலாம் மாமு"ன்னான்.

மாமுன்னு கேட்டதும்தான் எனக்கு எல்லாம் ஒண்ணா வந்து மண்டையில எறங்குச்சு. கையிலருந்த கட்டை கால் மேல விழுந்துச்சு. அவன் மரியாதைக்கு எந்திரிக்கப் பாத்தான். ஏணையில எப்டி எந்திரிக்கறது? ஒரு பொரண்டு பொரண்டு, சேலையிலருந்து நழுவி, அடியில தொங்குன ரஜாய்க்குள்ள விழுந்தான், அது அவனப் பொட்டலம் மாதிரி மூடிக்கிச்சு. ரெண்டு காலு மட்டும் வெளிய ஆடுது. விழுந்த வேகத்துல ரஜாய்த் தையல் ஒண்ணு பிரிஞ்சு, பஞ்சு கெளம்பிருச்சு.

எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். இருமறதுக்கு முன்னாடி அவன் தொண்டையில ஒரு கிர்ருன்னு வரும். வந்துருச்சு. மாமு காதுக்கும் அவன் வாய்க்கும் ஒரு மொழம் கூட இல்ல.

நான் இருமுனேன்.

அவன் இருமுறதுக்கு முன்னாடியே இருமுனேன், அவன் இருமும்போதும் இருமுனேன், அவன் நிறுத்துன பொறவும் நிறுத்தல. வாழ்க்கையில எதையும் நான் அவ்ளோ ஒழுங்காப் பண்ணதில்ல. குனிஞ்சு, நெஞ்சப் புடிச்சு, மரத்துல சாஞ்சு, கண்ணுல தண்ணி வர வரைக்கும் இருமுனேன். தலையில வெள்ளைப் பஞ்சோட பாக்க எப்டி இருந்திருப்பேன்னு யோசிச்சுப் பாருங்க. மாமு ரஜாயவும் பாக்கல, உள்ள இருந்து வந்த சத்தத்தையும் கேக்கல. மப்ளர எடுத்து மூக்க மூடிகினு ரெண்டடி பின்னால போயி என்னையவே பாத்தாரு.

"இது யாருப்பா?"ன்னு என்னையக் காட்டி ரஜாயப் பாத்துக் கேட்டாரு.

உள்ளருந்து, "என் கூட்டாளி மாமு. எப்பவும் என் கூடத்தான் இருப்பான்"னு பதிலு வந்துச்சு.

மாமு மூஞ்சில அப்டியே வெளிச்சம் வந்துச்சு. நல்லம்பள்ளியில எவனோ சொன்னது, பையன் பக்கத்துல போனா இருமல் சத்தம் கேக்குதுன்னு சொன்னது, எல்லாம் அவருக்கு ஒரே நிமிசத்துல புரிஞ்சு போச்சு. ஆள மாத்திச் சொல்லியிருக்கானுங்கன்னு அவரே வாய் விட்டுச் சொன்னாரு. நான் தலைய ஆட்டுனேன், ஆட்டிட்டு இன்னொரு வாட்டி இருமுனேன். இனாமா.

அப்பறம் அவன வெளிய எடுத்தோம். எடுத்தோம்னா மாமுதான் எடுத்தாரு, என்னையக் கிட்ட வர வேணாம்னுட்டாரு. ஏணைக்குள்ள அவனோட கொழந்தைன்னு நெனச்சதையும் சொல்லிச் சிரிச்சாரு, ஆனா என்னையப் பாத்துச் சிரிக்கல. ரஜாய்க்கும் சேலைக்கும் நடுவுல கைய வுட்டுப் பாத்துட்டு, இந்தக் குளுருல இவ்ளோ சூடு எங்கருந்து வருதுன்னாரு. என் கூட்டாளி, பஞ்சு நசுங்காமத் தொங்கறத, காத்து உள்ள நிக்கறத எல்லாம் பொறுமையா வெளக்குனான். தொழில் தெரிஞ்ச பையன்னு மாமு முதுகுல தட்டுனாரு. நான் கண்டுபுடிச்சதுன்னு சொல்ல வாயத் தெறந்தேன். என் கூட்டாளி ஒரு பார்வை பாத்தான். இருமிட்டு வுட்டுட்டேன்.

அவரு போறப்ப, வெள்ளிக்கெழமை நான் வரலைன்னாரு. பாக்க வேண்டியதப் பாத்தாச்சு, பொண்ணோட அம்மாகிட்ட நாளு பாக்கச் சொல்றேன்னாரு. என் கூட்டாளி அப்டியே வெறைச்சு நின்னான், இந்த வாட்டி குளுருல இல்ல. மாமு கொடைய விரிச்சு நடந்தவரு, பத்தடி போயித் திரும்பி என்னையப் பாத்து, ஏம்ப்பா தம்பி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி எக்ஸ்ரே எடு, அது வரைக்கும் கல்யாணம் காட்சின்னு நாலு பேரு கூடற எடத்துக்குப் போவாதன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு.

அவரு தலை மேட்டுக்குக் கீழ மறையற வரைக்கும் என் கூட்டாளி சேலை முந்தானைய வாயில திணிச்சுகினு நின்னான். மறைஞ்சதும் எடுத்துட்டு, அடக்கி வெச்சிருந்தது எல்லாத்தையும் சேத்து இருமித் தீத்தான். நான் அது முடியட்டும்னு காத்துகினு இருந்தேன். எனக்கு நெஞ்சு வலி, தொண்டை புண்ணு, கால் கட்டைவெரலு வீங்கிப் போச்சு. அவன் கல்யாணத்துக்கே என்னால போவ முடியாது. பொம்மிடி பூரா, தர்மபுரி பூரா இனிமே நான்தான் இருமல்காரன்.

"டேய், உனக்காக என் மானத்தையே வித்துட்டேன்டா. இனிமே எனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"ன்னேன்.

அவன் வாயத் தொடைச்சுகினு என்னையத் தலையிலருந்து காலு வரைக்கும் பாத்தான்.

"இதுக்கு முன்னாடி மட்டும் வரிசையில நின்னுகினு இருந்தாங்களாக்கும்."